இரண்டா, மூன்றா

துவாஸ் கிடங்கில் இரவு ஷிஃப்ட்.
நாற்பத்தாறு நீலப் பீப்பாய்கள்,
நாற்பத்தாறு வெள்ளைச் சீட்டுகள்:
அயர்ன் குளோரைடு.
அவ்வளவுதான். எண் இல்லை.

அச்சு இயந்திரம் அடைப்புக்குறியை
விழுங்கிவிட்டது என்கிறான் ஹய்ருல்.
விடிந்தால் லாரி வந்துவிடும்.
இரும்பு எப்படியும் இரும்புதானே என்கிறான்,
கோப்பி-ஓ பொட்டலத்தின் வாயைப் பல்லால் அவிழ்த்தபடி.

சோடியம் என்றால் விட்டிருப்பேன்.
அது கொடுப்பது ஒரே ஒரு எலக்ட்ரான்,
கொடுத்தால் கணக்கு முடிந்தது.
இரும்பு அப்படி இல்லை.
இரண்டு இழந்ததும் இரும்பு,
மூன்று இழந்ததும் இரும்பு.
எத்தனை போயிற்று என்று சொல்லாதவரை
அதன் பெயர் பாதிப் பெயர்.

நாற்பத்தொரு வயதில்
சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து
இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்.
உலோகம் முன்னால் வரும், வந்தபடியே நிற்கும்.
பின்னால் வருவதற்குத்தான் வால் அறுபடும்:
குளோரின் குளோரைடு ஆகும்,
ஆக்சிஜன் ஆக்சைடு,
சல்ஃபர் சல்ஃபைடு.
வாங்கிக்கொண்டவன் பெயரை மாற்றிக்கொள்கிறான்.
கொடுத்தவள் பழைய பெயரிலேயே இருக்கிறாள்.

வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன்.
திருமணப் பதிவகத்தில்
கையிருப்பு முழுக்கக் கொடுத்தவள் நான்;
பெயர் மாறுமா என்ற கேள்வியும்
என்னிடம்தான் வந்தது.

மாற்றவில்லை.
அடையாள அட்டையில் இன்றும்
தவமலர் டி/ஓ காத்தமுத்து.
எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு.
இரண்டு அணுக்களுக்கு நடுவே
நேர்கோடு போட்டால் பங்கீடு என்று அர்த்தம்,
ஆளுக்கொரு எலக்ட்ரான் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.
சாய்த்துப் போட்டால் என்னவென்று
பாடநூலில் தேடினேன். இல்லை.

பங்கிட்டு வாழ்பவர்களை மட்டும்
தலை எண்ணித்தான் கூப்பிட வேண்டும்,
மோனோ, டை, ட்ரை என்று.
எண்ணாமல் விட்டால் ஆபத்து:
கார்பனோடு ஓர் ஆக்சிஜன் என்றால்
பூட்டிய அறையில் தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான்.
இன்னொன்று வந்து சேர்ந்தால்
கடைக்காரர் திறக்கும் சோடாவில் வெறும் குமிழி.
ஈசூனில் தம்பியின் மூவறை வீட்டில்
அவன், மனைவி, பிள்ளைகள் இருவர்,
ஐந்தாவதாக நான்.
பென்டா.
காலை ஆறு மணிக்குக் குளியலறை வாசலில்
என் வேதியியல் எல்லாருக்கும் புரியும்.

தண்ணீரை மட்டும்
யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை.
வீட்டுப் பெயரோடே ஆய்வுக்கூடம்வரை வந்துவிட்டது.
எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.
அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் இப்போது பெர்த்தில்,
வேறு யாரையோ
வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார்.

கையுறை மாட்டிக்கொண்டேன்.
ஒவ்வொரு மூடியாகத் திறந்து
சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து
விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.
வெளிர்பச்சை.
இரண்டு இழந்தது.
அடைப்புக்குள் இரண்டு கோடுகள்,
அழியாத மையில், கையாலேயே.
மணி மூன்றரைக்கு
ஹய்ருலும் ஒரு பேனா கேட்டான்.
அவன் கோடுகள் என்னுடையதைவிட நேராக இருந்தன.

நாற்பத்தாறாவதின் மூடி
சரியாக இறுகியிருக்கவில்லை.
குழாயில் பச்சையும் இல்லை, முழுப் பழுப்பும் இல்லை,
ஆறிப்போன தேநீர் மாதிரி ஒரு நிறம்.
எத்தனை வாரமோ தெரியாது,
யாரும் பார்க்காத நேரத்தில்
காற்று உள்ளே வந்து
மூன்றாவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது;
அதுவும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டா, மூன்றா என்று ஹய்ருல் கேட்டான்.
இரண்டும் என்றேன்.
அதற்குச் சீட்டு உண்டா என்றான்.

தனியாக உருட்டிச் சுவரோரம் நிறுத்தினோம்.
மூடியை இறுக்கினேன்,
இந்த முறை இரண்டு கையாலும்.
லாரியின் விளக்கு கதவிடுக்கில் விழுந்தது.
கையெழுத்துக்காக ஓட்டுநர் நீட்டிய தாளில்
பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.
தவமலர் என்று எழுதினேன்.
பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது.